சிவப்புப் பூட்டு

அத்தியாயம் 17

புதன்கிழமை மாலை வந்த கடிதத்தை வியாழன் காலைக்குள் வெண்டல் ஏழு முறை படித்துவிட்டார். நான்கு வரிகள்தான்.

"உங்கள் இறுதிப் ப்ரோகிராமும் கிரெட்டா ப்ரோச்னோவின் இறுதிப் ப்ரோகிராமும் தொண்ணூற்றாறு சதவீதம் ஒத்துப்போகின்றன. இருவரும் வியாழன் பிற்பகல் இரண்டு மணிக்கு என் அறைக்கு வரவும். பா சியாங், கணினித் துறை."

கிரெட்டா அவருடைய மகள்.

இந்தக் குடும்பத்தோடு இத்தனை வாரமாக வருகிறவர்களுக்குத் தெரியும். ஓட்டர் ராபிட்ஸ் காகித மில் மூடிப் பதினாறு மாதம் ஆகிவிட்டது. முப்பத்தொரு வருடம் நான்காம் எந்திரத்தில் நின்ற வெண்டலை, ஐம்பத்து நான்காவது வயதில், மறுபயிற்சித் திட்டம் என்று சொல்லிக் கம்யூனிட்டி காலேஜில் உட்கார வைத்தார்கள். ஒரு பாடத்தில் தோற்றாலும் திட்டத்திலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். கிரெட்டாவுக்கு இருபது வயது. அதே வகுப்பில் இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறாள். ஜனவரியில் மேடிசன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பட்டப் படிப்பைத் தொடரப்போகிறாள். சேர்க்கைக் கடிதம் ஃப்ரிட்ஜ் கதவில் மீன் வடிவக் காந்தத்துக்கு அடியில் இருக்கிறது. கடைசிப் பருவம் வரை நன்னடத்தையில் குறை இருக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி உண்டு.

அவர் மனைவி லவோன் சமையலறையில் நின்றபடியே காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சமையல் வேலைக்குக் கிளம்பத் தயாராகத் தலையில் வலை மாட்டியிருந்தாள்.

"சொல்லுய்யா. அவகிட்டேருந்து எடுத்தியா?"

"இல்ல."

"தொண்ணூத்தாறுங்கறாங்க."

"நானும்தான் படிச்சேன்."

"நீ எடுக்கல. சரி. அப்ப அவ எடுத்தாளா? உன்கிட்டேருந்து?"

லவோன் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை. அதனால் அதைத் தாங்குவது கஷ்டமாக இருந்தது.

"போன வருஷம் மவுஸை டிவி ரிமோட் மாதிரி தூக்கிக் காட்டின ஆளு நீ. எனக்கு மறக்கல."

"அது போன வருஷம்."

"கேட்டு வாங்கியிருக்கலாம்ல? பெத்த பொண்ணுதானே. ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவளே கொஞ்சம் மாத்திக் குடுத்திருப்பா. இப்ப அவ தலையிலயும் மண்ணு."

"நான் எடுக்கல, லவோன்."

அவள் கோப்பையைத் தொட்டியில் வைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த கடிதத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"அங்க போய் இப்படிச் சாதிக்காதய்யா. ஒத்துக்கோ. அவளை விட்டுடுவாங்க."

வெண்டல் காப்பி எந்திரத்தை அணைத்தார். சிவப்பு விளக்கு அணைந்தது. பிறகு செருகியையும் பிடுங்கினார். அப்புறம் 'போடு' என்ற பொத்தானை ஒரு முறை அழுத்தினார். எந்திரம் அசையவில்லை.

"செத்துப்போச்சுய்யா அது," என்றாள் லவோன். "தினம் தினம் அதை எத்தனை தடவை கொல்லுவே?"

கதவு சாத்திக்கொண்டது. கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

அவர் சாப்பாட்டு அறைக்குப் போனார். மூலையில் மேஜை. அதில் வீட்டுக்குப் பொதுவான கம்ப்யூட்டர். யார் வேண்டுமானாலும் திறக்கலாம். கடவுச்சொல் நாயின் பெயர். நாய் போன வருடம் செத்துவிட்டது, பெயரை யாரும் மாற்றவில்லை.

அவருடைய கோப்புகள் வரிசையாக இருந்தன. ஒன்று முதல் பதினான்கு வரை. எந்திரத்துக்கு ஷிஃப்ட் பதிவேடு எழுதிய பழக்கத்தில், ஒவ்வொரு தடவை உட்கார்ந்து எழுந்தபோதும் ஒரு பிரதி சேமித்திருந்தார். முதல் பிரதி பதினொரு வரி, ஓடவில்லை. பதினான்காவது முந்நூற்றுப் பன்னிரண்டு வரி, ஓடியது.

ஓடிய அன்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெளியே போய்ப் பனியை வாரினார். வார வேண்டிய அளவுக்குப் பனி இல்லை.

பதினான்காவது கோப்பின் மேல் அம்புக்குறியை வைத்தார். கடைசியாகத் திறந்த நேரம் வந்தது. ஞாயிறு, இரவு ஒன்பது பத்து.

ஞாயிறு ஒன்பது பத்துக்கு அவர் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மடக்கு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

மாடியில் குளியலறைத் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நின்றது. கிரெட்டா கீழே வரவில்லை.

*

காலேஜுக்கு நாற்பது நிமிடப் பாதை. பிக்கப் வண்டியில் ஹீட்டர் காலில் மட்டும்தான் அடிக்கும். கிரெட்டா கையுறையைக் கழற்றவில்லை.

பாலத்தைத் தாண்டினால் மில். புகைபோக்கி மட்டும் நேராக நின்றது. மில் ஓடிய காலத்தில் இந்த வளைவில் வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள், அப்படி ஒரு நாற்றம். சின்ன வயதில் கிரெட்டா மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா வாசனை," என்பாள். இப்போது ஒரு வாசனையும் இல்லை.

"அப்பா."

"ம்."

"அம்மா கேட்டது மேல கேட்டுச்சு."

அவர் சாலையைப் பார்த்தார்.

"நீங்க எடுக்கலன்னு சொன்னீங்க."

"ஆமா."

"அதுக்கப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்ன சொல்லணும்?"

கிரெட்டா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை முதியோர் இல்லத்துல மிஸஸ் ஃபென்ஸ்கே செத்துப்போனாங்க. ரெண்டு பேர் வேலைக்கு வரல, நான் ரெண்டு ஷிஃப்ட் பாத்தேன். அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவங்க என்னை அவங்க தங்கச்சின்னு நினைச்சுக்கிட்டாங்க. வீட்டுக்கு வந்து உக்காந்தேன்ப்பா. ஒரு வரி வரல. பன்னெண்டு மணிக்குள்ள அனுப்பணும். உங்களது திறந்து பாத்தேன். எப்படி ஆரம்பிச்சிருக்கீங்கன்னு பாக்கத்தான் திறந்தேன். சத்தியமா."

"சரி."

"பேரையெல்லாம் மாத்தினேன். நீங்க எழுதி வெச்சிருந்த குறிப்பையெல்லாம் அழிச்சுட்டேன். பேரை மாத்தினா கண்டுபிடிக்க முடியாதுன்னு நினைச்சேன்."

"சரி."

"சரி சரின்னு சொல்லாதீங்க."

லாரி ஒன்று எதிரே வந்து சேற்றுப் பனியைக் கண்ணாடியில் அடித்துவிட்டுப் போனது. வைப்பர் இரண்டு முறை தேய்த்தது.

"புரிஞ்சுதா?" என்றார் வெண்டல்.

"என்னது?"

"படிச்சப்ப. என்ன எழுதியிருக்கேன்னு புரிஞ்சுதா?"

கிரெட்டா யோசித்தாள். "பாதி புரிஞ்சுது. நல்லா இருந்துச்சு."

வகுப்பில் யாரும் அவரிடம் அதைச் சொன்னதில்லை. அவர் ஸ்டியரிங்கில் கையை மாற்றிப் பிடித்தார்.

நான்கு மைல் போனபின் அவள் மறுபடி பேசினாள். குரல் இறங்கியிருந்தது.

"நான்தான்னு சொன்னா மேடிசன் போச்சு."

"தெரியும்."

"அம்மாவே நீங்கதான்னு நினைக்கிறாங்க. கேக்கறவங்க எல்லாரும் அப்படித்தான்ப்பா நினைப்பாங்க. யாருக்கும் ஆச்சரியமாவே இருக்காது."

சொல்லிவிட்டு வாயைக் கையுறையால் பொத்திக்கொண்டாள். சொன்னது வண்டிக்குள்ளேயே இருந்தது. ஹீட்டர் அடித்தது. அவர் கால் சூடாகவும் மற்றதெல்லாம் ஜில்லென்றும் இருந்தது.

*

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. கம்ப்யூட்டர் கட்டடத்து நடைபாதையில் ஜேலன் தின்பண்டத் தானியங்கிப் பெட்டியைத் தோளால் இடித்துக்கொண்டிருந்தான். காசு விழுங்கிவிட்டதாம். வகுப்பில் வெண்டலுக்குப் பக்கத்து இருக்கை அவனுடையது.

"ஹே, பேப்பர் பெருசு! உங்க ப்ரோகிராம் ஓடுதா, தடி ஊனி நடக்குதா?"

"நடக்குது."

"என்னோடது மல்லாந்து படுத்துடுச்சு. நீங்க பரவாயில்ல, உங்களுக்கு வீட்லயே டீச்சர் இருக்கு." கிரெட்டாவைப் பார்த்துக் கண்ணடித்தான். "குடுத்து வெச்சவர்."

கிரெட்டா குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

ஆசிரியை பா சியாங்குக்கு நாற்பது வயது இருக்கும். மேஜையில் ஒரு ஃப்ளாஸ்க், இரண்டு கட்டுத் தாள்கள். ஒன்றில் ஒத்துப்போன வரிகள் மேல் மஞ்சள் மை, இன்னொன்றிலும் மஞ்சள் மை. இரண்டும் பெரும்பாலும் மஞ்சளாகவே இருந்தன.

"உக்காருங்க. ரெண்டு பேரும்."

உட்கார்ந்தார்கள்.

"நான் போலீஸ் இல்ல. ஒரே வீடு, ஒரே கம்ப்யூட்டர். கோப்பு மாறிப் போறது நடக்கும். ஆனா இது மாறிப் போனதில்ல. ஒண்ணுல பேரெல்லாம் வேற, கீழ இருக்கற வேலை ஒண்ணே. பேரை மாத்தினா போதும்னு வருஷா வருஷம் யாராவது நினைக்கிறாங்க. ஒத்துப்பாக்கற மென்பொருள் பேரையே பாக்காது."

கிரெட்டா அசையவில்லை.

"ஒருத்தர் எழுதினார், இன்னொருத்தர் எடுத்தார். எடுத்தவர் சொல்லிட்டா எழுதினவருக்கு ஒண்ணும் இல்ல. யாரும் சொல்லலன்னா ரெண்டு பேரும் ஒழுங்குக் குழுவுக்குப் போகணும். அங்க போனா என் கையில எதுவும் இல்ல."

அவர் ஒரு தாளை உருவி இருவருக்கும் நடுவில் வைத்தார்.

கொடுத்திருந்த வேலை எளியது. ஒரு பல் மருத்துவரின் நோயாளி நேரப் புத்தகம். வரவேற்பில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் அதைத் திறக்கலாம், ஆனால் ஒரே நேரத்தை இரண்டு நோயாளிகளுக்குக் கொடுத்துவிடக் கூடாது. வகுப்பில் எல்லோரும் நேரம் காலியா என்று பார்த்து எழுதினார்கள். கொஞ்சம் கெட்டிக்காரர்கள், ஒருவர் எழுதும்போது மற்றவர் எழுதாமலிருக்கப் பக்கத்துக்கு ஒரு பூட்டுப் போட்டார்கள்.

"இங்கேயும் பூட்டு இருக்கு," என்றார் பா சியாங். விரல் ஒரு வரியில் நின்றது. "பூட்டினவர் பேரோட. சரி. ஆனா அதுக்கு அடுத்தது என்ன? பூட்டினதும், வேற ஒரு ஆள் பேர்ல அதே பக்கத்துல வேணும்னே எழுதப் பாக்குது. எழுத முடியலன்னா மேல போகுது. எழுத முடிஞ்சா எல்லாத்தையும் நிறுத்திடுது. நான் பாடத்துல இதைச் சொல்லித்தரல. புத்தகத்துல இல்ல. பன்னெண்டு வருஷத்துல ஒரு மாணவர்கிட்டயும் பாத்ததில்ல. இது எதுக்கு?"

வெண்டல் அந்த வரியைப் பார்த்தார்.

இது எதுக்கு.

மில்லில் ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புப் பூட்டு. அதில் அவன் பெயர். எந்திரத்துக்குள் கை விட வேண்டுமானால் முதலில் சுவிட்சை இறக்கி அதில் உன் பூட்டை மாட்ட வேண்டும். உன் பூட்டை உன்னைத் தவிர யாரும் எடுக்கக் கூடாது. மாட்டியபின் ஒன்று பாக்கி இருக்கிறது. ஓட்டும் பொத்தானைப் போய் அழுத்திப் பார்க்க வேண்டும். ஓடவில்லையென்றால்தான் கை விடலாம். அரை நிமிட வேலை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஹார்லன் ஜாஸ்ட்ரோ பூட்டை மாட்டினான். பொத்தானை அழுத்தவில்லை. மாட்டியது மூன்றாம் எந்திரத்தின் சுவிட்ச். கை விட்டது நான்காவதில். வெண்டல் ஏழெட்டு அடி தள்ளி நின்றார். கத்தினார். எந்திரச் சத்தத்தில் அவர் கத்தியது அவருக்கே கேட்கவில்லை.

இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொல்லியிருக்க முடியும். சொல்லத் தெரியாத ஆள்தான். ஆனாலும் இதைச் சொல்லியிருப்பார். வரி வரியாக. அந்தப் பெண்மணி தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருப்பார்.

"மிஸ்டர் ப்ரோச்னோ?"

"தெரியல, மேடம்."

"இது எதுக்குன்னு தெரியாது?"

"தெரியாது. இருந்துச்சு. அப்படியே எடுத்துட்டேன்."

பா சியாங் கிரெட்டாவின் பக்கம் திரும்பினார். "உனக்கு?"

கிரெட்டாவின் கழுத்து சிவந்திருந்தது. "பூட்டு... சரியா விழுந்துதான்னு பாக்க."

"அதுதான் எனக்கும் தெரியுதே. ஏன் விழாம போகும்? எதை நினைச்சு எழுதினே?"

"சும்மா. பத்திரத்துக்கு."

"நான்தான் மேடம்," என்றார் வெண்டல். தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை அவ தூங்கிட்டிருந்தா. எடுத்தேன். பேரை மாத்தினேன். எனக்கு இதெல்லாம் ஏறல. ஆரம்பத்துலேருந்தே ஏறல. எங்க கையெழுத்துப் போடணும்?"

பா சியாங் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

வெண்டல் பேனாவுக்காகக் கோட்டுப் பைக்குள் கை விட்டார். சாவிக்கொத்து பேனாவோடு சிக்கி வெளியே வந்து மேஜையில் விழுந்தது. பிக்கப் சாவி, வீட்டுச் சாவி, அவற்றோடு ஒரு சிவப்புப் பூட்டு. பெயர் பாதி தேய்ந்திருந்தது. மில் மூடிய அன்று எல்லோரும் பலகையிலிருந்து அவரவர் பூட்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். சிலர் ஆற்றில் எறிந்தார்கள்.

அவர் சாவிக்கொத்தைச் சட்டென்று அள்ளிக்கொண்டார். கையெழுத்துப் போட்டார். எழுத்து நேராக வந்தது.

"கிரெட்டா, நீ வெளியில இரு," என்றார் பா சியாங்.

கதவு சாத்தியபின் அவர் ஃப்ளாஸ்க்கின் மூடியைத் திறந்தார். குடிக்காமல் மறுபடி மூடினார்.

"என் சின்ன மாமா அந்த மில்லுலதான் இருந்தார். கிடங்குல. ஆறு வருஷம்."

வெண்டல் மடியிலிருந்த தொப்பியை எடுத்தார்.

"அவர்கிட்டயும் ஒரு பூட்டு இருக்கு. பெட்டிக்குள்ள வெச்சிருக்கார்."

"எல்லார்கிட்டயும் இருக்கும் மேடம்."

"மிஸ்டர் ப்ரோச்னோ, ஒரு ஆள் ஒண்ணை எழுதினா எழுதின தடம் இருக்கும். அரைகுறையா, தப்புத் தப்பா, பழைய பிரதிகள். உங்ககிட்ட அப்படி எதுவும் இருந்தா எனக்குக் கொண்டு வாங்க."

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமே இல்ல?"

"எடுத்தவன்கிட்ட என்ன இருக்கும்?"

பா சியாங் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் இது இந்த மேஜையிலதான் இருக்கும். நான் மேல அனுப்ப மாட்டேன்."

"இன்னைக்கே அனுப்பிடுங்க."

"நாளைக்கு அஞ்சு மணி."

"மேடம்." வெண்டல் எழுந்து நின்றார். தொப்பி கையில் இருந்தது. "உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். இன்னைக்கே அனுப்பிடுங்க. தப்புப் பண்ணினவன் ஒத்துக்கிட்டான். அதோட விட்டுடுங்க."

பா சியாங் ஃப்ளாஸ்க்கை எடுத்துப் படிவத்தின் மேல் வைத்தார்.

*

திரும்பும் வழியில் கிரெட்டா பாலம் வரும் வரை பேசவில்லை.

"அந்த வரி எதுக்குப்பா?"

"எது?"

"மேடம் கேட்டது."

ஹார்லன் செத்தபோது கிரெட்டாவுக்குப் பதினொரு வயது. மில்லில் விபத்து என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

"எதுக்கோ எழுதினேன்," என்றார் வெண்டல்.

ஐந்தரை மணிக்குச் சாப்பாடு. வெளியே இருட்டிவிட்டது. நவம்பரில் லவோனின் தம்பி வேட்டையில் சுட்ட மானிலிருந்து செய்த சாஸேஜ், பிசைந்த உருளைக்கிழங்கு, புட்டியில் போட்ட பீட்ரூட். லவோன் தலை வலையை அவிழ்க்க மறந்திருந்தாள். யாரும் சொல்லவில்லை.

"என்னாச்சு?"

"ஒத்துக்கிட்டேன்," என்றார் வெண்டல்.

லவோன் கரண்டியை வைத்தாள். காலையில் அவள்தான் ஒத்துக்கொள்ளச் சொன்னாள். ஆனாலும் முகம் தொங்கிவிட்டது. உள்ளுக்குள் எங்கோ அவர் எடுக்கவில்லை என்பதைக் கொஞ்சம் நம்பியிருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அதுவும் இப்போது போயிற்று.

"காலையில என் மூஞ்சியைப் பாத்து இல்லன்ன."

"ஆமா."

"முப்பது வருஷத்துல நீ என்கிட்ட பொய் சொன்னதில்லய்யா. மந்தம்னு நினைச்சிருக்கேன். ஊமைன்னு நினைச்சிருக்கேன். பொய்யன்னு நினைச்சதில்ல."

அவர் உருளைக்கிழங்கைத் தட்டில் பரப்பினார். ஓரத்திலிருந்து ஓரம் வரை, சமமாக.

"திட்டத்துலேருந்து தூக்கிடுவாங்கல்ல?"

"தூக்கிடுவாங்க."

"அப்புறம்?"

"பாக்கலாம்."

"என்னத்தைப் பாக்கறது? இந்த ஊர்ல பாக்க என்ன மிச்சம் இருக்கு?" லவோன் மகள் பக்கம் திரும்பினாள். கையை நீட்டி அவள் மணிக்கட்டைத் தொட்டாள். "உனக்கு ஒண்ணும் இல்லையே? உன்னை விட்டுட்டாங்கல்ல? பாவம்டி நீ. ராத்திரி பகலா உழைச்சுக் கண்ணு முழிச்சு எழுதினதை..."

வெண்டல் நிமிரவில்லை. ஆனால் காத்திருந்தார். தான் காத்திருப்பது அவருக்கே பிடிக்கவில்லை. அவள் சொல்லக் கூடாது என்றுதான் இத்தனையும். ஆனாலும் மேஜைக்கு எதிர்ப்பக்கம் கிரெட்டா மூச்சை இழுத்ததும் அவர் முள்கரண்டி நின்றது.

"அம்மா," என்றாள் கிரெட்டா.

"சொல்லுடி."

சுவரில் கடிகாரம் ஓடியது.

"அந்த உப்பைக் குடு."

லவோன் உப்பைக் கொடுத்தாள். கிரெட்டா பீட்ரூட்டின் மேல் உப்பைத் தூவினாள். ரொம்ப நேரம் தூவினாள்.

*

சாப்பிட்ட பாத்திரங்களை வெண்டல் கழுவினார். லவோன் படுக்கையறையில் தங்கையோடு ஃபோனில் பேசினாள். கதவு சாத்தியிருந்தாலும், "பெத்த பொண்ணுகிட்டயே," என்பது மட்டும் இரண்டு முறை கேட்டது. கிரெட்டா மாடியில் இருந்தாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நாயின் பெயரைத் தட்டினார்.

பா சியாங் என்ற பெண்மணி விடமாட்டார் என்று அவருக்குத் தோன்றியது. பூட்டைப் பார்த்துவிட்டார். நாளைக்கு ஃபோன் செய்வார், அல்லது நேரில் வந்துவிடுவார். பிரதி இருக்கிறதா, காட்டுங்கள் என்பார். இருந்தால் எதிலாவது தன் கை தெரிந்துவிடும். மூன்றாவது பிரதியில் ஓரிடத்தில் ஹார்லன் என்று பெயர் எழுதியிருந்தார், சோதித்துப் பார்க்க. அதைப் பிறகு நீக்கினாரா என்று நினைவில்லை.

ஒண்ணும் இல்ல என்று சொன்னாயிற்று. அதை உண்மையாக்கிவிட வேண்டும்.

கடைசியாக ஒரு முறை ஓட்டினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. பூட்டுகிறவர் பெயர் என்ன என்று கேட்டது. வெண்டல் என்று தட்டினார். பூட்டியது. தானே வேறொரு பெயரில் உள்ளே நுழையப் பார்த்தது. முடியவில்லை. பூட்டு விழுந்துவிட்டது, தொடரலாம் என்றது.

அவர் அந்த வரியைப் படித்தார். பிறகு மூடினார்.

ஒன்றிலிருந்து பதினான்கு வரை தேர்ந்தெடுத்து அழித்தார். குப்பைத் தொட்டியைத் திறந்து அதையும் காலி செய்தார். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்றார். பென் டிரைவில் இருந்ததையும் அழித்தார். அப்புறம் பென் டிரைவைக் கழற்றி மறுபடி செருகித் திறந்து பார்த்தார். காலி.

ஒரு பருவம் முழுவதும் எழுதியது அழியக் கால் நிமிடம்கூட ஆகவில்லை.

மாடிப்படியில் காலடி கேட்டது. கிரெட்டா ஓடி வந்தாள். கையில் ஃபோன். இரண்டு நாளில் முதல் தடவையாக அவள் முகத்தில் ரத்தம் இருந்தது.

"அப்பா, மேடம் எனக்கு எழுதியிருக்காங்க. எனக்கு மட்டும்."

அவள் தாழ்ந்த குரலில் படித்தாள், படுக்கையறைக் கதவைப் பார்த்துக்கொண்டே.

"உன் ப்ரோகிராமின் முந்தைய பிரதிகளை நாளை பகல் பன்னிரண்டு மணிக்குள் எனக்கு அனுப்பு. அவை வந்தால் உன் மேல் கேள்வி எதுவும் இல்லை. வராவிட்டால் உன் அப்பா கையெழுத்துப் போட்டதை நான் ஏற்க மாட்டேன். இருவர் பெயரும் குழுவுக்குப் போகும்."

வெண்டல் திரும்பவில்லை.

"முதல்ல பயந்துட்டேன்ப்பா. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு." கிரெட்டா கிட்டே வந்தாள். மூச்சு வாங்கியது. "நீங்க எல்லாத்தையும் எடுத்து வெப்பீங்கல்ல? ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு. ஞாயித்துக்கிழமை பாத்தேனே. வீட்டுக்கு ஒரே கம்ப்யூட்டர்தானே, யாரு உக்காந்து எழுதினாங்கன்னு அதுல என்ன தெரியப்போகுது? என்னுதுன்னு அனுப்பிடறேன். தேதியெல்லாம் சரியா இருக்கும். முடிஞ்சிடும்ப்பா. அதோட முடிஞ்சிடும்."

முப்பத்தொரு வருடத்தில் ஒரு முறைகூட அவர் பொத்தானை அழுத்திப் பார்க்காமல் எந்திரத்துக்குள் கை விட்டதில்லை.

"எதுல இருக்கு?" என்றாள் கிரெட்டா. அவள் கை அவர் தோளில் இருந்தது. "நகருங்கப்பா. நான் பாக்கறேன்."

அவர் உடம்பு திரையை மறைத்துக்கொண்டிருந்தது. அவர் நகரவில்லை.